பதில் வராத கதவுகள்

சனிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தொடங்கி ஞாயிறு விடிவதற்குள் முடிந்துவிடும் என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்த ஸ்கேன், திங்கட்கிழமை காலை ஊழியர்கள் டிபன் பையும் கையுமாக உள்ளே வந்துகொண்டிருந்த நேரத்திலும், திரையில் நாற்பத்து மூன்று சதவிகிதம் என்ற எண்ணைக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. பெயர் சொல்ல வேண்டாத ஒரு பெரிய ஸ்தாபனத்தில், அதன் வலையமைப்பிலிருக்கும் அத்தனை கம்பியூட்டர்களிலும் பாதுகாப்பு ஓட்டைகள் உண்டா என்று சோதித்துச் சொல்லும் பொறுப்பில் நான் சில காலம் இருந்தேன். அந்தத் திங்கட்கிழமை எனக்கு அன்றைய காப்பியின் கசப்போடு சேர்த்து இன்றும் ஞாபகமிருக்கிறது. உடன் இருந்த இளைஞர், இரண்டு இரவு கண்விழித்த சோர்வோடு, தம் தீர்மானத்தை அறிவித்தார்.

"சார், மெஷின் பத்தலை சார். அறுபத்து நாலு கோர் சர்வர் ஒண்ணு கேட்டுடலாம்."

"கேக்கறது இருக்கட்டும் தம்பி. இருக்கிற மெஷின் இப்ப என்ன வேலை பண்ணுதுன்னு பாருங்க."

பார்த்தார். பிராசஸரின் உபயோகம் ஒன்பது சதவிகிதம். மெமரியில் பாதிக்கு மேல் காலி. நெட்வொர்க் கார்டு ஏறக்குறையத் தூங்கிக்கொண்டிருந்தது. வேலை மலைபோல் குவிந்து கிடக்க, வேலைக்காரன் திண்ணையில் சாய்ந்திருப்பதைப் பார்த்தவரைப் போல அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்ன சார், ஒண்ணுமே பண்ணலை?" என்றார். அந்தக் கேள்விக்குச் சரியான விடையைக் கண்டுபிடித்து நாங்கள் மூச்சு விடுவதற்குள் ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகிவிட்டன. பின்னால் படித்தபோதுதான், உலகத்தில் இதே கேள்வியை எங்களைவிட எத்தனையோ மடங்கு பெரிய அளவில் கேட்டவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு அகப்பட்ட விடையும் எங்களுடையதற்கு உறவுமுறைதான் என்பது தெரிய வந்தது.

பாதுகாப்பு ஸ்கேனர் என்பது, அதைச் சுற்றியுள்ள மர்மத்தையெல்லாம் விலக்கிவிட்டுச் சொன்னால், தெருத்தெருவாகப் போய் ஒவ்வொரு வீட்டின் ஒவ்வொரு கதவையும் தட்டி, திறந்திருக்கும் கதவிலே போட்டிருக்கும் பூட்டு எந்தக் காலத்துச் சரக்கு, பழுதுள்ளதென்று ஏற்கெனவே பிரசுரமான ஜாபிதாவில் அது இருக்கிறதா என்று குறித்துக்கொண்டு திரும்பும் காவற்காரனே அன்றி வேறல்ல. வீடு என்பது ஐ.பி. முகவரி, கதவு என்பது போர்ட், டி.சி.பி. என்ற ஒரு வகையில் மட்டும் வீடு ஒன்றுக்கு 65,535 கதவுகள். தட்டுவதற்கு 'சின்' என்றொரு சிறிய பாக்கெட். அதற்குப் பதிலாக 'சின்-ஆக்' என்ற பாக்கெட் வந்தால் கதவு திறந்திருக்கிறது என்று பொருள். 'ரீசெட்' வந்தால் வீட்டில் ஆள் இருக்கிறார், அந்தக் கதவுதான் சாத்தியிருக்கிறது என்று பொருள். இந்த இரண்டு பதில்களும், ஒரே கட்டடத்துக்குள் என்றால், கண் இமைப்பதற்குள் வந்துவிடும். சங்கடமெல்லாம் மூன்றாவது பதிலில் இருக்கிறது. அது, பதிலே வராமல் இருப்பது.

பதில் வராவிட்டால் என்ன அர்த்தம்? அந்த முகவரியில் வீடே இல்லாமல் இருக்கலாம். வீடு இருந்து, நடுவிலுள்ள ஃபயர்வால் நம் தட்டலை ஓசைப்படாமல் விழுங்கியிருக்கலாம். போன பாக்கெட்டோ வந்த பாக்கெட்டோ வழியிலே தொலைந்திருக்கலாம். மூன்றில் எது என்று தெரியாத காவற்காரன் நிற்கிறான். எவ்வளவு நேரம் நிற்பான்? அன்றைய லினக்ஸில் சாதாரண முறையில் ஒரு தொடர்பு கோரினால், அது முதலில் ஒரு விநாடி, பிறகு இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்து நான்கு விநாடி என்று அவகாசத்தை இரட்டித்துக்கொண்டே போய், ஆறு முறை மறுபடி தட்டிப் பார்த்து, 127 விநாடிகள் கழித்தே கையை விரிக்கும். பேசாத ஒரே ஒரு கதவுக்கு இரண்டு நிமிஷத்துக்கு மேல்! எங்கள் சர்வர் சோம்பி இருக்கவில்லை, காத்திருந்தது. அறுபத்து நான்கு கோர் உள்ள சர்வர் வந்திருந்தாலும், அறுபத்து நான்கு கோர்களோடு அதுவும் காத்திருந்திருக்கும்.

இந்தத் தொழிலுக்கு வயது அதிகம் இல்லை. 1995 ஏப்ரலில் டேன் ஃபார்மரும் வீட்ஸே வெனெமாவும் ஒரு பரிசோதனைக் கருவியை வெளியிட்டு அதற்குச் 'சாத்தான்' என்று பெயரும் வைத்தபோது அமெரிக்கப் பத்திரிகைகள் அலறின. பெயரைக் கண்டு மனம் கலங்குகிறவர்களுக்காக, ஆங்கில எழுத்துக்களை இடம் மாற்றிச் 'சாந்தா' ஆக்கிவிடும் சிறு நிரலையும், 'மனம் திருந்து' என்ற பொருளுள்ள பெயரோடு, அவர்களே சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். (சாந்தா என்பது அங்கே கிறிஸ்துமஸ் தாத்தா, நம் ஊரில் அது பெண்ணின் பெயராகிவிடும் என்பதை அவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை.) 1997இல் ஃபியோடர் என்ற புனைபெயரில் கார்டன் லயன் 'ஃப்ராக்' பத்திரிகையின் 51ஆம் இதழில் என்மேப்பை வெளியிட்டார். 1998இல் ரெனோ டெரெய்ஸோன் நெஸ்ஸஸை எழுதினார். 2005இல் அது திறந்த மூல நிரல் என்ற நிலையை விட்டு நீங்கவே, அதன் பழைய கிளையிலிருந்து ஓப்பன்வாஸ் முளைத்தது. ஜெர்மனியில் ஓஸ்னாப்ரூக் நகரத்துக் கிரீன்போன் நிறுவனம் அதை இன்றுவரை வளர்த்து வருகிறது. எங்கள் ஸ்தாபனத்தில் ஓடியதும் அதுதான்.

நூறு கம்பியூட்டர் உள்ள அலுவலகத்தில் இவற்றுள் எதை ஓட்டினாலும் விடிவதற்குள் வேலை முடிந்துவிடும். அளவு பெருகும்போது விஷயம் வேறாகிறது. பெரிய ஸ்தாபனங்களுக்கும் சர்வகலாசாலைகளுக்கும் 65,536 முகவரிகள் கொண்ட ஒரு தொகுதி இருப்பது சகஜம். அதன் ஒவ்வொரு முகவரியிலும் 65,535 போர்ட்டுகளையும் தட்டவேண்டுமானால் 429 கோடித் தட்டல்கள் ஆகும். பூமியிலுள்ள ஐ.பி. நான்காம் பதிப்பு முகவரிகள் அத்தனையிலும் ஆளுக்கொரு கதவைத் தட்டினால் எத்தனை ஆகுமோ, ஏறத்தாழ அத்தனை. ஒரு மதில் சுவருக்குள் நடக்கும் பரிபூரண சோதனையும், உலகம் முழுவதையும் வலம் வரும் மேலோட்டமான சோதனையும் கணக்கிலே ஒன்றுதான்! விநாடிக்கு ஆயிரம் என்ற நிதானத்தில் தட்டினால் ஏறக்குறைய ஐம்பது நாட்கள் பிடிக்கும்.

ஐம்பது நாட்கள் யாருக்கும் கிடைப்பதில்லை. 1999இல் சி.வி.இ. என்ற பொதுப் பட்டியல் தொடங்கியபோது அதில் 321 ஓட்டைகளே இருந்தன. 2024இல் மட்டும் புதிதாக ஏறத்தாழ நாற்பதாயிரம் சேர்ந்தன. 2022 அக்டோபரில் அமெரிக்க அரசின் சீசா என்ற அமைப்பு பிறப்பித்த 23-01 என்ற கட்டளை, அந்நாட்டு மத்திய அரசின் சிவில் இலாகாக்கள் தம் வலையிலே என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்பதை ஏழு நாளுக்கொரு முறையும், அவற்றின் பலவீனங்களைப் பதினான்கு நாளுக்கொரு முறையும் கணக்கெடுத்தே தீரவேண்டும் என்றது. இந்த நிர்ப்பந்தம் வந்த பிறகு, வேகம் என்பது பொறியாளர்களின் வீம்பாக இருந்த காலம் போய், உத்தியோக விவகாரம் ஆகிவிட்டது.

வேகத்தின் கதையில் மிகவும் ரசமான அத்தியாயம் 2013 ஆகஸ்டில், மிச்சிகன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஸகிர் துருமெரிச், எரிக் வுஸ்ட்ரோ, அலெக்ஸ் ஹால்டர்மன் ஆகிய மூவர் ஸீமேப் என்ற கருவியைச் சபையில் வைத்தபோது அரங்கேறியது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னால், 2010இல், மூன்று லினக்ஸ் கம்பியூட்டர்களை வைத்துக்கொண்டு இணையம் முழுவதிலும் ஒரே ஒரு போர்ட்டைத் தட்டிப் பார்க்க வேறொரு குழுவினருக்கு இரண்டு மூன்று மாதங்கள் ஆயிருந்தன. மிச்சிகன்காரர்கள் ஒரே கம்பியூட்டரில், சாதாரண ஒரு கிகாபிட் இணைப்பில், அதே காரியத்தை நாற்பத்தைந்து நிமிஷத்துக்குள் முடித்தார்கள். இயந்திரத்தில் விசேஷம் ஏதுமில்லை. அவர்கள் செய்த தந்திரம் இரண்டே: காத்திருப்பதில்லை என்று தீர்மானித்தார்கள், ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை என்றும் தீர்மானித்தார்கள்.

பழைய கருவிகள், யார் யார் வீட்டுக் கதவைத் தட்டினோம், எப்போது தட்டினோம், எத்தனை தடவை, யார் பதில் சொன்னார், யார் பாக்கி என்று ஒரு பேரேடு வைத்திருந்தன. தட்டல்கள் கோடிக் கணக்கில் ஏறும்போது, தட்டுவதைவிடப் பேரேடு எழுதுவதே பெரிய வேலையாகிவிடுகிறது. முன்காலத்தில் தபாலாபீஸில் இரட்டைக் கார்டு ஒன்று விற்பார்கள். ஒரு பாதியில் நாம் சேதி எழுதினால், மறுபாதியில் நம் விலாசத்தையே எழுதி இணைத்துவிடலாம். பெற்றுக்கொண்டவர் அதைக் கிழித்துப் பதில் எழுதிப் போடுவார். நூறு பேருக்கு அனுப்பியவர் யார் யாருக்கு அனுப்பினோம் என்று குறித்து வைக்கவேண்டியதில்லை. திரும்பி வரும் கார்டே கதையைச் சொல்லிவிடும். ஸீமேப் செய்தது அதுதான். சின் பாக்கெட்டில் வரிசை எண் என்று ஓர் இடம் உண்டு. பதில் சொல்லுகிறவர் அந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டித் திருப்பி அனுப்பியாக வேண்டும் என்பது டி.சி.பி.யின் விதி. எந்த முகவரிக்குப் போகிறதோ அதையும் தன்னிடமுள்ள ஒரு ரகசியத்தையும் கலந்து பிறப்பித்த எண்ணை அங்கே பதித்து அனுப்பிவிட்டால், வருகிற பதிலில் ஒன்றைக் கழித்து, அதே கலவையை மறுபடி கணக்கிட்டு ஒப்பிட்டாலே, இது நம் கேள்விக்கு வந்த பதில்தானா, வேறு யாரோ வம்புக்கு அனுப்பியதா என்பது விளங்கிவிடும். அனுப்புகிற பகுதி அனுப்பிக்கொண்டே இருக்கும். வாங்குகிற பகுதி வாங்கிக்கொண்டே இருக்கும். ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை கிடையாது. பதில் வராத கதவுக்காக ஒரு கணமும் செலவாவதில்லை.

இதைவிட அழகானது, முகவரிகளைத் தேர்ந்தெடுக்கும் முறை. ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகத் தட்டிக்கொண்டு போனால், ஒரே தெருவின் மேல் அத்தனை தட்டல்களும் ஏககாலத்தில் விழுந்து, அந்தத் தெருவின் ரவுட்டர் மூச்சுத் திணறும். ஆகவே கலைத்துப் போட்டுத் தட்டவேண்டும். ஆனால் கலைத்துத் தட்டினால் எது முடிந்தது, எது பாக்கி என்று குறித்து வைக்கவேண்டும். குறிப்பு வைப்பதில்லை என்பதோ விரதம். கணித சாஸ்திரம் இங்கே கைகொடுத்தது. ஏழு என்ற பகா எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் தொடங்கி, மூன்றால் பெருக்கி, ஏழால் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொண்டு போனால் ஒன்று, மூன்று, இரண்டு, ஆறு, நான்கு, ஐந்து, மறுபடி ஒன்று என்று வரும். எல்லா எண்களும் வந்தன. எதுவும் இரண்டு முறை வரவில்லை. வரிசை கலைந்தும் இருக்கிறது. ஞாபகம் வைக்கவேண்டியது, பெருக்கும் எண்ணும், தொடங்கிய எண்ணும், இப்போது நிற்கும் எண்ணும்தான். முகவரிகளின் மொத்தத் தொகை 4,29,49,67,296. அதற்குப் பதினைந்து தள்ளி 4,29,49,67,311 ஒரு பகா எண்ணாக வாய்த்திருக்கிறது. ஏழுக்குச் செய்ததை அதற்குச் செய்தால் உலகம் முழுவதையும் கலைத்துப் போட்டு ஒரு சுற்று வந்துவிடலாம். பள்ளிக்கூடத்தில் வகுத்து மீதி காண்பதைத் தண்டனையாக எண்ணிக் கழித்த எனக்கு, இதைப் படித்த அன்று இரவு தூக்கம் வரவில்லை.

ஒரு கிகாபிட் கம்பியில் விநாடிக்கு 14,88,000 சிறு பாக்கெட்டுகளுக்கு மேல் புகாது. ஒவ்வொன்றும் முன்னும் பின்னும் உள்ள இடைவெளியோடு 84 பைட் இடத்தை அடைத்துக்கொள்வதே காரணம். ஸீமேப் விநாடிக்கு 14,40,000ஐத் தொட்டது. மறு ஆண்டு அதே குழுவினர் பத்து கிகாபிட் இணைப்பில் நான்கரை நிமிஷத்தில் உலகைச் சுற்றினார்கள். வேகம் உச்சிக்குப் போனபோது பதில் கிடைக்கும் விகிதம் குறைந்தது என்பதையும் ஒளிக்காமல் எழுதினார்கள். ராபர்ட் கிரஹம் எழுதிய மாஸ்ஸ்கேனும் இதே வழியில் நடந்ததே. திறந்த கதவுகளோடு மேற்கொண்டு பேசி, உள்ளே ஓடும் நிரலின் சுய அறிமுகமான 'பேனரை' வாங்கவும் வேண்டியிருந்ததால், அது டி.சி.பி. நெறி முழுவதையுமே தனக்கென்று சொந்தமாக எழுதிக்கொண்டது. அதில் ஒரு வேடிக்கை உண்டு. சின் பாக்கெட்டை அனுப்பியது மாஸ்ஸ்கேன். பதில் வந்து சேர்வதோ கம்பியூட்டரின் வாசலில். அங்கே நிற்கும் இயங்குதளம், "இப்படி ஒரு கேள்வியை நான் கேட்கவே இல்லையே" என்று, வந்த விருந்தாளியை ரீசெட் என்ற ஒரே சொல்லால் விரட்டிவிடும். ஆகையால் வேறொரு ஐ.பி. முகவரியை அதற்கென்று ஒதுக்கவேண்டும். அல்லது இயங்குதளத்தின் வாயைக் கட்ட ஃபயர்வாலில் ஒரு விதி எழுதவேண்டும். இந்த விதியை எழுத மறந்து, "பேனரே வரலை சார்" என்று நெற்றியைத் தேய்த்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் கதவைக் கண்டுபிடிக்கிற மட்டுக்கும்தான். பூட்டைப் பரிசோதிக்கும் வேலை தனி. அதை ஞாபகமில்லாமல் செய்ய முடியாது. ஓப்பன்வாஸில் ஒவ்வொரு பலவீனத்துக்கும் ஒரு சிறு நிரல் வீதம் லட்சத்துக்கு மேற்பட்ட நிரல்கள் இருக்கின்றன. ஒரு கம்பியூட்டரைச் சோதிக்க ஒரு தனி பிராசஸ் பிறக்கும். அதன் கீழ் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு பிராசஸ் பிறந்து மடியும். அவை கண்டறிந்தவற்றையெல்லாம் ரெடிஸ் என்ற, மெமரியிலேயே குடியிருக்கும் தரவுத்தளத்தில் எழுதிப் பகிர்ந்துகொள்ளும். ஒரே சமயத்தில் இருபது கம்பியூட்டர், கம்பியூட்டருக்கு நான்கு நிரல் என்பது அதன் திரையில் நாம் முதலில் காணும் அளவு. ஒரு நிரல் பதிலுக்காக ஐந்து விநாடி காத்திருக்கும். மொத்தத்தில் 320 விநாடிக்கு மேல் ஓடினால் வெட்டிவிடப்படும். பெரும்பாலோர் செய்யும் முதல் காரியம் இருபதை இருநூறாக்குவது. நாங்களும் செய்தோம். ரெடிஸ் வீங்கி, மெமரி தீர்ந்து, பாதி இரவில் இயங்குதளமே ஸ்கேனைக் கொன்று போட்டது.

இங்கே கைகொடுப்பது, ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த, வரிசைகளைப் பற்றிய ஒரு சிறிய விதி. கடைக்குள் ஒரு சமயத்தில் இருப்பவர்களின் தொகை, வரும் வேகத்தை ஒருவர் தங்கும் நேரத்தால் பெருக்கியதற்குச் சமம் என்பதே அது. கேட்டால் இதற்கொரு நிரூபணமா என்று தோன்றும். ஐம்பதாயிரம் கம்பியூட்டர்களை எட்டு மணி நேரத்தில் முடிக்கவேண்டும், ஒன்றுக்கு இருபது நிமிஷம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த நேரத்திலும் 2,083 கம்பியூட்டர்கள் சோதனையில் இருந்தாக வேண்டும். ஒரு சர்வர் முப்பதைத் தாங்கும் என்றால் எழுபது சர்வர் வேண்டும். ஆனால் அந்த இருபது நிமிஷத்தை ஆறாகக் குறைத்துவிட்டாலோ, இருபத்தொரு சர்வர் போதும். ஆகவே எத்தனை சர்வர் வாங்கலாம் என்ற விசாரத்தை ஒத்திவைத்துவிட்டு, ஒரு கம்பியூட்டருக்கு எதனால் இருபது நிமிஷம் ஆகிறது என்று விசாரிப்பதே முறை. விசாரித்தால், இருபதில் பதினைந்து நிமிஷம் பதில் வராத கதவுகளின் முன்னால் கழிந்தது தெரியவரும். கதவே இல்லாத இடத்தில் அதற்குரிய நிரலை ஓட்டாதே என்ற ஒரு விருப்பத் தேர்வு இருக்கிறது. எங்கள் இடத்தில் யாரோ ஒரு முன்னோர், எதுவும் விட்டுப்போகக்கூடாது என்ற பக்தி சிரத்தையில், அதை அணைத்து வைத்திருந்தார்.

எந்தக் கதவுகளைத் தட்டுவது என்பதிலும் விவேகம் வேண்டும். 2008இல் ஃபியோடர் இணையத்தில் கோடிக்கணக்கான கம்பியூட்டர்களைத் தட்டிப் பார்த்து, எந்தப் போர்ட்டுகள் அதிகமாகத் திறந்திருக்கின்றன என்று வரிசைப்படுத்தினார். முதல் பத்துப் போர்ட்டுகளில் திறந்த கதவுகளின் ஏறத்தாழப் பாதியும், முதல் ஆயிரத்தில் 93 சதவிகிதமும் அடங்கிவிடுகின்றன. ஆகவே தினந்தோறும் ஆயிரமும், மாதத்துக்கு ஒரு முறை முழுமையும் என்று பிரித்துக்கொள்வது எனக்கு உசிதமாகப் படுகிறது. கதவுகளில் இன்னொரு வகையான யு.டி.பி.யின் கதையோ தனிச் சோகம். மூடிய கதவைத் தட்டினால் 'இங்கே இல்லை' என்ற அறிவிப்பை விநாடிக்கு ஒன்றுக்கு மேல் அனுப்புவதில்லை என்று பழைய லினக்ஸ் பதிப்புகள் வைராக்கியம் வைத்திருந்தன. அத்தகைய ஒரே ஒரு கம்பியூட்டரின் 65,536 யு.டி.பி. கதவுகளுக்குப் பதினெட்டு மணி நேரம் ஆகும். நம்மிடம் எத்தனை கோர் இருந்தால் என்ன?

இனி, அந்த நாற்பத்து மூன்று சதவிகிதத்துக்கு வருகிறேன். எங்கள் ஸ்கேனருக்கும், சோதிக்கப்பட்ட கட்டடங்களுக்கும் நடுவில் லினக்ஸில் ஓடும் ஒரு ஃபயர்வால் இருந்தது. அதன் பதிவேட்டைத் திறந்தபோது, பக்கம் பக்கமாக ஒரே வரி: கான்ட்ராக் டேபிள் நிரம்பிவிட்டது, பாக்கெட்டைக் கைவிடுகிறேன். தன் வழியே போகும் ஒவ்வொரு தொடர்பையும் ஃபயர்வால் ஒரு பட்டியலில் எழுதுகிறது. அந்தப் பட்டியலில் 2,62,144 வரிகளுக்கே இடம். பதில் வராத சின் ஒன்றுக்கான வரியை 120 விநாடி கழித்துத்தான் அழிக்கும். வகுத்துப் பார்த்தால், விநாடிக்கு 2,184 பதிலற்ற தட்டல்களுக்குமேல் போனால் பட்டியல் நிரம்பித்தான் ஆகவேண்டும். நாங்கள் அதற்கு மேல் போயிருந்தோம். பட்டியல் நிரம்பியதும் எங்கள் பாக்கெட்டுகள் தொலைந்தன. தொலைந்தவற்றை ஸ்கேனர் மௌனம் என்று எண்ணி மறுபடி தட்டியது. மறு தட்டலால் பட்டியல் இன்னும் நிரம்பியது. எங்கள் பாக்கெட்டுகள் மட்டுமா? ஞாயிற்றுக்கிழமை இரவெல்லாம் ஈமெயில் வராமல் திணறியதற்கு அஞ்சல் சர்வர்க்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தோமே, அதற்கும் நாங்களேதான் காரணம்.

தட்டுகிறவனின் பலம் வளர வளர, வழியில் இருப்பவர்களும் தட்டப்படுகிறவர்களும் அதைத் தாங்குவார்களா என்பதே விஷயமாகிவிடுகிறது. தொழிற்சாலைகளின் கட்டுப்பாட்டு அமைப்புகளைப் பற்றி அமெரிக்க தரநிர்ணய ஸ்தாபனமான நிஸ்ட் வெளியிட்ட 800-82 என்ற கையேட்டில் ஒரு சம்பவம் குறிக்கப்பட்டிருக்கிறது. யார் யார் உயிரோடிருக்கிறார்கள் என்று அறிய அனுப்பும் சாதாரண பிங் பாக்கெட்டுகள், ஒன்பது அடி நீளமுள்ள இயந்திரக் கைகளை இயக்கும் வலையில் பரவியபோது, ஓய்வில் இருந்த ஒரு கை திடீரென்று உயிர்பெற்று நூற்றெண்பது டிகிரி சுழன்று நின்றது. நல்லவேளையாக அந்த அறையில் இருந்தவர் அதன் வீச்சுக்கு வெளியே இருந்தார். எங்கள் அனுபவம் இவ்வளவு பயங்கரமல்ல. 9100ஆம் போர்ட்டில் என்ன வந்தாலும் அதை அச்சடிக்கும் உத்தரவாகவே எடுத்துக்கொள்வது பிரிண்டர்களின் சுபாவம். கணக்குப் பிரிவுக்காரர்கள் திங்கட்கிழமை கதவைத் திறந்தபோது, காகிதத் தட்டு காலியாகி, தரையெல்லாம் தாள். ஒவ்வொரு தாளிலும் புரியாத ஒன்றிரண்டு வரி. அந்தப் பிரிவின் மூத்த அம்மாள் ஒருவர் அந்தத் தாள்களை ஒழுங்காக அடுக்கி, கிளிப் போட்டு, "இது உங்களுக்கு வந்த ரிப்போர்ட்டா தம்பி?" என்று கொண்டுவந்து கொடுத்தார். அவர் கேலியாகச் சொன்னாரா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நாங்கள் செய்த திருத்தங்கள் எல்லாம் இதன்பின் தாமாகவே புலப்பட்டவை. ஃபயர்வாலைத் தாண்டித் தட்டுவதை நிறுத்தி, ஒவ்வொரு கட்டடத்திலும், உதவாதென்று ஒதுக்கிய பழைய கம்பியூட்டரில் ஒரு சிறு ஸ்கேனரை வைத்தோம். தட்டல் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே முடிந்து, முடிவு மட்டும் மையத்துக்கு வந்தது. காலி முகவரிகளைத் தட்டி அறிவதற்குப் பதிலாக, எந்த முகவரியில் எந்தக் கருவி என்று குறிக்கும் ரவுட்டர்களின் ஏ.ஆர்.பி. பட்டியலையும், முகவரி வழங்கும் டி.ஹெச்.சி.பி. சர்வரின் ஏட்டையும் மணிக்கொரு தரம் வாங்கிப் படித்தோம். பிங்குக்குப் பதில் சொல்லாத விண்டோஸ் கம்பியூட்டர்கள்கூட அதில் வாய்மூடி ஒளிந்துகொள்ள முடியவில்லை. பிரிண்டர்களைத் தனியே விலக்கினோம். உள்ளே நுழைந்து பார்க்க அனுமதி உள்ள சர்வர்களில், தட்டும் வேலையையே பெரும்பாலும் விட்டுவிட்டோம். நிறுவப்பட்டிருக்கும் நிரல்களின் பட்டியலை ஒரே தடவையில் கேட்டு வாங்கி, பழுதுகளின் ஜாபிதாவோடு நம் இடத்திலேயே ஒப்பிட்டுக்கொண்டோம். ஆயிரக்கணக்கான நிரல்கள் தனித்தனியே போய் ஒரே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டுவந்ததை விட்டு, கிரீன்போன்காரர்களும் 2022இல் நோட்டஸ் என்ற பகுதியைச் சேர்த்தது இதே காரணத்தால்தான்.

ஐ.பி. ஆறாம் பதிப்பு பரவப் பரவ, ஏட்டைப் படிக்கும் இந்த வழக்கமே மிஞ்சும் என்பது என் அபிப்பிராயம். அதில் ஒரே ஒரு சாதாரணத் தெருவில் உள்ள முகவரிகளை, விநாடிக்குப் பத்து லட்சம் வீதம் தட்டினாலும், தட்டி முடிக்க ஐந்து லட்சத்து எண்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். எந்தப் பகா எண்ணும் அங்கே நம்மைக் கரையேற்றாது.

வேகம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு 2014 ஏப்ரல் ஏழாம் தேதியைத்தான் சுட்டிக் காட்டுவேன். அன்று ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியானபோது, மிச்சிகன்காரர்களும் அவர்களுடைய சகாக்களும் இரண்டு நாளுக்குள் இணையத்தைத் தட்டிச் சோதிக்கத் தொடங்கினார்கள். பிற்பாடு, இன்னும் அடைக்கப்படாத இடங்களின் பொறுப்பாளர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் முதலில் கடிதம் எழுதி, மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கடிதம் கிடைத்தவர்களில் 39.5 சதவிகிதம் பேர் ஓட்டையை அடைத்தார்கள், கிடைக்காதவர்களில் 26.8 சதவிகிதம் பேர். இணையத்தையே சல்லடையாகச் சலித்துக் கண்டதை நேரில் எழுதிச் சொன்ன பிறகும் பத்துக்கு ஆறு பேர் சும்மா இருந்துவிட்டார்கள் என்பதைப் படித்தபோது, இதற்குத்தானா இத்தனை பிரயாசை என்று எனக்குக் கொஞ்சம் சலிப்புத் தட்டியது. மறுநாள் வழக்கம்போல் ஆபீசுக்குப் போய், எங்கள் ஜாபிதாவில் பழைய தேதியிட்டு அடைபடாமல் கிடந்த ஓட்டைகளை எண்ணிப் பார்த்தேன். சலித்துக்கொள்வதற்கு எனக்கு யோக்கியதை இல்லை.

எங்கள் ஸ்கேன் பிறகு ஞாயிறு அதிகாலை நாலு மணிக்கே முடிந்துவிட ஆரம்பித்தது. இதற்கிடையில், அந்த முதல் திங்கட்கிழமையன்றே இளைஞர் ஆர்வத்தில் எழுதி அனுப்பிவிட்டிருந்த கோரிக்கை, மேசை மேசையாக ஏறி இறங்கி, கையெழுத்தாகி, மூன்றாம் மாதக் கடைசியில் அறுபத்து நான்கு கோர் சர்வர் ஒன்று லாரியில் வந்து இறங்கியது. திருப்பி அனுப்ப வழியில்லை. "என்ன சார் பண்றது இதை?" என்றார். கொஞ்சம் யோசித்து, வாராந்திர அறிக்கைகளைச் சேமித்து வைக்கும் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தை அதில் ஏற்றினோம். மாதக் கடைசியில் மேலதிகாரி முன்னூறு பக்க பி.டி.எஃப். ஒன்று கேட்பார், அப்போது மட்டும் அதன் விசிறி நன்றாக இரைகிறது.